ஏழு கறுப்புச் சில்லுகள்

"பேராசிரியர் பொழுதுபோக்குக்காகக் கதை எழுதுகிறார்" என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதிவிட்டார். அந்தப் பத்திரிகையை எங்கள் நிலவியல் துறை வாசலிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பொழுதுபோக்காம்! இல்லாத நாட்டில் இல்லாத ஊரில் ஒரு கிணறு தோண்டுவதற்காக மூன்று வாரம் என்னிடம் வந்து சண்டை போட்ட மனுஷியைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

"மைக்ரான், இந்தப் பாறையில தண்ணி நிக்குமா?"

"நிக்காது மேடம். ஒழுகிடும்."

"ஊர் ஜனங்க குடிக்கணுமே."

"உங்க கதைதானே, நிக்குதுன்னு எழுதுங்க. யாரு வந்து தோண்டிப் பார்க்கப் போறா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஊரையே நாற்பது மைல் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார். அதற்காக இரண்டு அத்தியாயம் போயிற்று. "மந்திரவாதி என்ன வேணா பண்ணட்டும், தண்ணி மட்டும் மேல ஓடக் கூடாது" என்பது அவர் சட்டம். அவருடைய நாவலில் சுண்ணாம்புக்கல்லை மட்டுமே தின்னும் ஒரு பெரிய மிருகம் வரும். அந்த மிருகம் எந்தெந்த ஊர் வழியாக அலையும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் புத்தகத்தில் உள்ள பாறை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் எங்கே முடிகிறதோ அங்கே மிருகமும் நின்றுவிடும். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தை இதைத் தானாகக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோது, பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றினார். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களைக்கூட விடவில்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். அந்தத் துறையில் கல் வெட்டுகிறவன். பல்கலைக்கழக ஏட்டில் என் வேலைக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, அது யார் வாயிலும் நுழையாது. மலையிலிருந்து கல் வரும். ரம்பத்தில் வெட்டி, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சில்லு எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை அரைப்பேன். முப்பது மைக்ரான் கனம். உங்கள் தலைமுடியில் பாதிகூட இருக்காது. அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், கறுப்புக் கல்லுக்குள் இத்தனை நிறமா என்று வாயைப் பிளப்பீர்கள். ஒரு மைக்ரான் கூடக் குறைய விடமாட்டேன் என்பதால் மாணவர்கள் எனக்கு மைக்ரான் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேராசிரியருக்குப் பாறையம்மா. அது அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

அவரைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு நாள் முழுக்க விஷயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் பேசினால் வாய் கூசுகிறது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த மாதம்தான் உத்தரவு வர வேண்டும். பேராசிரியர் அப்போது இளம் விரிவுரையாளர். ஒரு பெரிய மலையில் தன்னந்தனியாக ஐந்து நாள் ஏறி இறங்கி, அடியிலிருந்து உச்சிவரை இருபத்துநாலு கல் எடுத்து வந்தார். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் மையால் எண் எழுதியிருந்தார். குட்டிக் குட்டியாக, அச்சடித்தது போன்ற எழுத்து. மூன்றாம் நாள் அவருக்கு நல்ல காய்ச்சல். காய்ச்சலோடு ஏறியிருக்கிறார்.

வெட்டியதும் சில்லு ஈரமாக இருக்கும், பேனா பிடிக்காது. அதனால் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு, காய்ந்த பிறகு எண் போடுவது என் பழக்கம். அன்று ரம்ப அறைத் தரையில் அரைத்த சேறு கிடந்தது. கால் வழுக்கியது. நான் விழவில்லை, தட்டு விழுந்தது. இருபத்துநாலு சில்லும் நாலா பக்கமும் ஓடின.

பதினேழை உடனே அடையாளம் கண்டுவிட்டேன். ஒன்று பச்சை, ஒன்று வரி போட்டது, ஒன்று பொடிக்கல். மீதி ஏழும் கறுப்பு. ஒரே அச்சு. மிச்சத் துண்டுகளிலிருந்து மறுபடி வெட்டியிருக்கலாம், அரை நாள் வேலை. ஆனால் முதல் நாள்தான் துறைத் தலைவர் முன்னால் பேராசிரியர் சொல்லியிருந்தார்: "இவருக்குக் கண்ணே மைக்ராஸ்கோப் சார். இவரை விட்டுடாதீங்க." அந்தப் பாராட்டு எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. கூடவே பயம். தட்டைக் கீழே போட்டான் என்று தெரிந்தால் உத்தரவு வருமா? ஆழத்துக் கல் அதிகக் கறுப்பாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் கற்பித்துக்கொண்டு, கறுப்பு குறையக் குறைய மேலே என்று அடுக்கினேன். அரைகுறை அறிவு என்றால் இதுதான். உண்மை அதற்கு நேர் எதிர். ஏழும் கிட்டத்தட்டத் தலைகீழாகப் போயிற்று.

அது என்ன செய்தது என்று கேளுங்கள். மலைக்கு அடியில் கிடக்கும் கல் பூமியின் ஆழத்தில் நன்றாக வெந்த கல். அது கறுப்புக் கல்லாக இருந்தால் உள்ளே கார்னெட் என்கிற மணிகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். மேலே போகப் போக வேக்காடு குறையும், மணியும் இருக்காது. என் ஸ்லைடுகளிலோ உச்சியில் மணிகள், அடியில் ஒன்றும் இல்லை. பேராசிரியர் மைக்ராஸ்கோப்பிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "மைக்ரான்! இந்த மலை தலைகீழா நிக்குது! முழு மலையும் புரண்டிருக்கு!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் குனிந்துகொண்டு ரம்பத்தைத் துடைத்தேன். தட்டு விழுந்ததைச் சொல்லவில்லை.

கட்டுரை வந்தது, பெயர் வந்தது. எனக்கு உத்தரவும் வந்தது. மூன்று வருடம் கழித்து வேறொரு பல்கலைக்கழகத்துக் குழு அதே மலையில் ஏறி அதே இடங்களில் கல் எடுத்தது. மலை நேராகத்தான் இருந்தது. ஒரு கருத்தரங்கில் எவனோ ஒருவன் மேடையிலேயே சொன்னானாம்: "மலை தலைகீழா இல்ல, பார்த்தவங்கதான் தலைகீழா நின்னிருக்காங்க." சபை முழுக்கச் சிரிப்பு. அவரும் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்த அன்று நேராக என் அறைக்கு வந்தார்.

"மைக்ரான், அந்த ஏழு கறுப்புக் கல்லோட மிச்சத் துண்டு இருக்கா?"

இருந்தது. என் முட்டிக்கு நேரே கீழ் இழுப்பறையில், பழைய துணியில் சுற்றி. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் எண். அதை எடுத்துக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும்.

"தூக்கிப் போட்டாச்சு மேடம். இடம் பத்தலைன்னு போன வருஷம்தான்..." என்றேன்.

"சரி, விடுங்க. நான்தான் காய்ச்சல்ல நம்பரை மாத்திப் போட்டிருக்கணும்" என்றார். போகும்போது எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். நன்றி! எனக்கு!

பிழையை விசாரிக்கப் பல்கலைக்கழகம் போட்ட குழுவில் ஒருவர் "லேப்ல மாறியிருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார். பேராசிரியர் ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டாராம்: "அவர் கை தப்பாது." பிழை தன்னுடையது என்று சொல்லிக் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். அவருக்கு வர வேண்டிய பதவி இன்னொருவருக்குப் போயிற்று. மறுபடி வர ஏழு வருடம் ஆயிற்று.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அவர் மலை ஏறுவதை விட்டுவிட்டார். சுத்தியலை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டார். "என் கை போட்ட நம்பரை நானே நம்பலைன்னா நான் எதுக்கு மலைக்குப் போகணும்?" என்று என்னிடமே கேட்டார். மாணவர்கள் போவார்கள், கல் கொண்டுவருவார்கள், அவர் அறையில் உட்கார்ந்து படிப்பார். மழைக்காலம் முடிந்து மற்றவர்கள் மூட்டை கட்டும் வாரத்தில் மட்டும் சன்னல் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்து உட்காருவார்.

வேறு ஒருவராக இருந்தால் நொந்துபோய் மூலையில் முடங்கியிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கட்டுரைக்காக வரைந்த தப்பான வரைபடத்தை எடுத்தார். அதில் மலை தலைகீழாக நின்றது. "இப்படி ஒரு மலை உண்மையிலேயே இருந்தா அதைச் சுத்தி எப்படி மனுஷங்க வாழ்வாங்க?" என்று யோசிக்க ஆரம்பித்தார். தினமும் மதியம், சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே மறு கையால் எழுதுவார். வீணாய்ப்போன பழைய ஆய்வுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். இரண்டு மணி அடித்தால் பேனாவை மூடிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. அப்படி மதிய நேரத்திலேயே ஐந்து நாவல்!

அந்த நாட்டின் மலைக்கு வேர்மேல் மலை என்று பெயர். அங்கே ஆழம் என்பது உச்சியில் இருக்கிறது. சுரங்கக்காரர்கள் இறங்குவதில்லை, ஏறுகிறார்கள். செத்தவர்களை மேலே கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். மலையை நேராக்கப் புறப்படுகிற ஒரு அரசி வருகிறாள், அவளைத் தடுக்க ஒரு படை வருகிறது. ஒரு வரி எழுதினாலும் அதற்குக் கீழே கல் கெட்டியாக இருக்கும். எத்தனை மொழிகளில் போயிற்று என்று எனக்கு இப்போது எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தபால்காரர் கடிதங்களைச் சாக்கில் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார், வரைபடம் கேட்ட குழந்தைகளுக்குக் கையால் வரைந்தே அனுப்பினார். இதற்கு நடுவில் ஒரு வகுப்பு தவறியதில்லை, ஒரு விடைத்தாள் தாமதமானதில்லை. அடேயப்பா, என்ன மனுஷி!

அவர் வாசித்துக் காட்டியது காதில் விழுந்ததோடு சரி, நான் அந்த நாவல்களைப் படிக்கவில்லை. எப்படிப் படிப்பேன்? அந்த மலையைத் தலைகீழாக நிறுத்தியவன் நான்தானே. வீட்டில் என் பெண்டாட்டி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பக்கம் திருப்புவாள். "இப்படி ஒருத்தங்ககிட்ட வேலை பார்க்கிறீங்க, ஒரு பக்கம் படிச்சா குறைஞ்சா போயிடுவீங்க? கல்லோட கல்லா இருந்து மூளையும் கல்லாப் போச்சு" என்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தப்பிக்க முடியாத ஒன்று இருந்தது. என் அறைக்கும் முதலாண்டு வகுப்புக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். வருடா வருடம் முதல் வகுப்பில் பேராசிரியர் தன் பிழையைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவார். "ஒரு மலை தலைகீழா நிக்குதுன்னு நான் உலகத்துக்கே சொன்னேன். ஏன் தெரியுமா? ஏழு கல்லுக்கு நம்பரை மாத்திப் போட்டேன். நீங்க போடாதீங்க." பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் உடனே ரம்பத்தை ஓடவிடுவேன், காதில் விழாமல் இருக்க. இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடவிட்டேன்.

போன வருடம், அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது, பதிப்பகத்தார் ஐந்து நாவல்களையும் ஒரே தொகுப்பாகப் போட முடிவு செய்தார்கள். கடைசியில் ஒரு பின்னுரை கேட்டார்கள். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பேராசிரியர் எழுதியதை எப்போதும் என்னிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுவார், நான் கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ளாமல் கேட்பேன். அன்றும் என் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு வாசித்தார்.

"இந்த நாடு என் பிழையில் பிறந்தது. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஏழு கற்களுக்கு எண்களை மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து என் கையை நான் நம்பியதில்லை. நம்பாத கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கதை எழுதக் கொடுத்தேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆயிரக்கணக்கான பேர் படிக்கப்போகிற புத்தகத்தில், அச்சில், அழியாமல், அவர் தலையில் என் பாவம். அன்று மாலை வரை ஒரு ஸ்லைடுகூட உருப்படியாக அரைக்கவில்லை, மூன்றை உடைத்தேன்.

மறுநாள் காலையில் பெண்டாட்டியிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். முழுக்கக் கேட்டாள்.

"அந்தத் துண்டுங்க இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. தூக்கிப் போடவும் மனசு வரலை, கொடுக்கவும் மனசு வரலை. என்ன ஜென்மம் நீங்க?"

"சொன்னா வேலை போயிடும்னு..."

"அது அப்போ. உத்தரவு வந்தப்புறம் என்ன கேடு? அந்த அம்மா மலைக்கே போறதில்லைன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க, ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி!" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மாசக் கடைசிக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெறும் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதைச் செய்தேன். இழுப்பறையிலிருந்து ஏழு துண்டுகளையும் எடுத்து, எண் எழுதிய இடத்தைத் தொடாமல் மறுபக்கத்தில் வெட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு கல்தான் மேஜையில். ஒன்றை ஒட்டி, எண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. என் வாழ்நாளில் அப்படி ஏழு ஸ்லைடு செய்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு துண்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்து, அதனதன் முன்னால் அதனதன் ஸ்லைடை வைத்து, அவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முதலில் கற்களைப் பார்த்தார். வெள்ளைப் பொட்டையும் குட்டி எழுத்தையும் பார்த்தார். ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஏழு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"அடியில கார்னெட்" என்றார், தனக்குத் தானே. "மேல இல்ல."

"தட்டு கீழ விழுந்துடுச்சு மேடம். நானே குத்துமதிப்பா அடுக்கிட்டேன். நீங்க மிச்சம் கேட்டப்போ பொய் சொன்னேன்." எப்படியோ சொல்லி முடித்தேன்.

"எங்க இருந்தது?"

இழுப்பறையைக் காட்டினேன். எழுந்து வந்து அதை இழுத்துப் பார்த்தார், மூடினார்.

"அன்னைக்கு நான் இங்கதானே நின்னேன்?"

"ஆமா மேடம்."

பதினைந்தாம் எண் கல்லைக் கையில் எடுத்தார். அது மூன்றாம் நாள் கல். கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். "காய்ச்சல்லயும் சரியாத்தான் போட்டிருக்கேன்!" கண்ணீர் வழிகிறது, சிரிப்பு நிற்கவில்லை. நானும் அசடு மாதிரி லேசாகச் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாயிற்று.

"சிரிக்கிறியா?" என்றார். இருபத்தாறு வருடம் நீங்க என்று கூப்பிட்டவர். "இருபத்திரண்டு வருஷம்யா! ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? எனக்குக் கால் நல்லா இருந்த வருஷமெல்லாம்! எத்தனை மலை, எத்தனை மலைடா! வருஷா வருஷம் பசங்க முன்னாடி நின்னு என்னை நானே கேவலப்படுத்திக்கிட்டேனே, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? வெளிய போ!"

அது என் அறை. என் அறையிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. போன் அணைந்துகிடந்தது. வகுப்பைத் தவற விடாத மனுஷி! துறையே கலங்கிப்போயிற்று. அவர் தம்பி வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "ஒரு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எங்கன்னு கேட்டா, தேடாதேன்னுட்டாங்க" என்றார். ஐம்பத்தொன்பது வயதில் ஒருவரிடம் போய், உன் பாதி வாழ்க்கையைக் காரணமே இல்லாமல் பூட்டி வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஏதாவது செய்துகொண்டால்? பெண்டாட்டி மட்டும் அசையவில்லை. "அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்லை. நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவள் என்னிடம் பேசியதே அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு என் மேஜைமேல் தொம்மென்று ஒரு சாக்குப்பை வந்து விழுந்தது. நிமிர்ந்தால் பேராசிரியர். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, ஒரு முழங்கையில் பெரிய கட்டு. அவர் முகத்தை அப்படிப் பார்த்து இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

"எங்க போயிருந்தீங்க மேடம்?"

"எங்க போவேன்? மலைக்கு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நேராத்தான் நிக்குது. உச்சி வரைக்கும் ஏறினேன். நாலு இடத்துல உட்கார்ந்தேன், ஒரு இடத்துல விழுந்தேன். ஆனா ஏறினேன்."

"என்னைத் திட்டுங்க மேடம். நாலு திட்டு திட்டிடுங்க."

"திட்டியாச்சு. உச்சியில நின்னு உன்னைத்தான் சத்தமாத் திட்டினேன். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேர் பயந்து ஓடியே போயிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது, இந்தத் தடவை அடக்கிக்கொண்டேன். "மன்னிச்சிட்டீங்களா மேடம்?"

"இல்ல" என்றார், பட்டென்று. "மன்னிப்பெல்லாம் எனக்கு வந்தா வரும், வராட்டி இல்ல. அதைக் கேட்டுக்கிட்டு என் பின்னால வராதே. இந்தக் கல்லை வெட்டு."

துறைத் தலைவர் என் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிடத்தான் பார்த்தார். "பழைய சமாச்சாரம், ரெண்டு பேருக்கும் வயசாச்சு, விட்டுடுவோமே" என்றார். பேராசிரியர் விடவில்லை. "தப்பு இருபத்திரண்டு வருஷமா என் பேர்ல இருக்கு சார். அதை உரியவர் பேருக்கு மாத்தணும்" என்று அந்தக் கடிதத்தை அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பவைத்தார். எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. மாணவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. சில பேர் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

பின்னுரையைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினார். தொகுப்பு வந்த அன்று பெண்டாட்டி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றே வரி. "இந்த நாட்டை உண்டாக்கிய பிழை என்னுடையது என்று நெடுநாள் நம்பினேன். அது என்னுடையது அல்ல. ஆனால் என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் அதை வீணாக்கவில்லை." அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "இதுக்கு மேல ஒருத்தங்க என்ன எழுத முடியும்?" என்றாள். அன்றைக்குத்தான் நான் முதல் நாவலின் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

சாக்கில் வந்த கற்களை வெட்டி முடித்துக் கொடுத்த அன்று பேராசிரியர் என் அறை வாசலில் நின்றார். கையில் புது வரைபடம்.

"அடுத்த மாசம் வடக்குச் சரிவு. யாரும் இன்னும் சரியாப் பார்க்காத இடம். ஆறு நாள். நீயும் வர்ற."

"நானா? நான் ஒரு மேட்டுலகூட ஏறினதில்லை மேடம். கல்லுதான் எங்கிட்ட வரும். நின்னு நின்னு எனக்கு முட்டி வேற வலி..."

"வலிக்கட்டும்" என்றார். "என் இருபத்திரண்டு வருஷத்துக்கு உன் முட்டி ஆறு நாள் வலிக்கட்டும்."

போனோம். அவர் எனக்கு முன்னால், எப்போதும் எனக்கு முன்னால், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார். இரண்டாம் நாள் மதியம் நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல், காற்றில் பாதி போய் பாதி வந்தது. எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார், யாருக்கும் பயப்படாமல். நான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். முட்டி நன்றாகவே வலித்தது.